கொழும்பில் ட்ரோன் பழகுகிறவர்களுக்கு: போவது சுலபம், திரும்பி வருவதுதான் வேலை

ட்ரோனை மேலே ஏற்றப் பழகுவது ஒரு பின்னேரத்து வேலை. அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரப் பழகத்தான் காலம் எடுக்கும். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை, விழுந்த ட்ரோன்களைத் திருத்த எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சின்ன ஸ்க்ரூட்ரைவர்கள், பஞ்சுக் குச்சி, அல்கஹோல் போத்தல், பூதக்கண்ணாடி எல்லாம் அங்கேதான் கிடக்கும். பகலில் கணக்கு வேலை, பின்னேரத்தில் இந்த மூலை. மச்சான், மருமகன், ஒஃபிஸ் தம்பிமார், கோயிலில் காண்கிறவர்கள் என்று யாராவது ஒருவர் துவாயில் சுற்றி ஒரு ட்ரோனைக் கொண்டுவந்து வைப்பார். "என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "தானா விழுந்திட்டுது அண்ணா." தானாக விழுந்த ட்ரோனை நான் இன்னும் காணவில்லை. ஆப்பிலுள்ள பறப்புப் பதிவைத் திறந்து பார்த்தால், விழுந்ததற்கான காரணம் அநேகமாக அது நிலத்தில் இருந்தபோதே தொடங்கியிருக்கும்.

முதலில் பேப்பர் வேலையை முடித்துவிடுவோம். பெட்டியில் 249 கிராம் என்று பெரிதாக அடித்திருக்கும். விற்கிற தம்பியும் "இந்தச் சைசுக்கு ஒண்டும் தேவையில்லை" என்று சொல்லி அனுப்புவார். 250 கிராமுக்குக் கீழே என்ற அந்தக் கோடு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பதிவு விதிகளை மனதில் வைத்துக் கம்பனிகள் செய்துகொண்ட ஏற்பாடு. இலங்கையில் நீங்கள் கேட்க வேண்டிய இடம் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை; கொழும்பைப் பொறுத்தவரை பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும் சேர்த்துத்தான். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதல்கள் நடந்த கையோடு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதை அதிகார சபை நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு இந்த ஊரில் வானத்தில் ஏதாவது 'விர்' என்றால் பொலிஸ் மட்டுமல்ல, தேநீர்க்கடைக்காரரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

எல்லோருக்கும் முதல் ஆசை தாமரைக் கோபுரம், இரண்டாவது ஆசை காலிமுகத்திடலில் சூரியன் இறங்குவது. இரண்டையும் தள்ளி வையுங்கள். கோபுரம் சுமார் 350 மீற்றர் உயரம், அதன் வேலையே ஒலிபரப்பு. காலிமுகத்திடலைச் சுற்றி ஜனாதிபதி செயலகம், துறைமுகம், துறைமுக நகரம். தெற்குப் பக்கம் வந்தால் இரத்மலானை விமான நிலையம், எங்கள் வீட்டிலிருந்து காலி வீதியில் கொஞ்சத் தூரம்தான். ஆப்பின் வரைபடத்தில் தடை இடத்துக்கான சிவப்பு வட்டம் காட்டவில்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வரைபடத்தை வரைந்தது ட்ரோன் கம்பனி. உங்களை மறிக்கப் போவது இங்கேயுள்ள சட்டம். அதனால் நானும் எங்கள் ஆட்களும் பழகுவது நகரத்துக்கு வெளியே, சிலாபம் தாண்டி உடப்புப் பக்கம் ஒரு சொந்தக்காரரின் வெறுங்காணியில். அதிகார சபை தந்த அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்று ட்ரோன் பைக்குள்ளேயே இருக்கும்.

காணிக்குப் போகும் முன் வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு. கைக்குள் அடங்குகிற விளையாட்டு ட்ரோன் ஒன்று வாங்குங்கள், ஜிபிஎஸ் இல்லாதது, இறக்கையைச் சுற்றி வளையம் போட்டது. ஹோலில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு அதைப் பறக்க விடுங்கள். (ஃபேனை நிறுத்த மறந்தால் என்ன ஆகும் என்பதை மருமகன் வீட்டுச் சுவரில் இன்றும் பார்க்கலாம்.) விலை கூடிய கமரா ட்ரோனில் கையை எடுத்தால் அது அப்படியே நிற்கும். அதனால் கைக்கு ஒன்றும் தெரியாமலே 'எனக்குப் பறக்கத் தெரியும்' என்ற நினைப்பு வந்துவிடும். விளையாட்டு ட்ரோன் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவலைப் பிடித்து நிறுத்தப் பழகிய விரல்தான் ஜிபிஎஸ் போகிற நாளில் உதவும்.

வெளியில் போனதும் முதலில் பழக வேண்டியது முகம் மாறிய பறப்பு. ட்ரோனின் முதுகு உங்கள் பக்கம் இருந்தால் வலம் வலம்தான், இடம் இடம்தான். மூக்கை உங்கள் பக்கம் திருப்பினால் எல்லாம் எதிர்மாறு. மச்சானின் ட்ரோன் தென்னையில் மோதியது இப்படித்தான். தன்னை நோக்கி வந்துகொண்டிருந்ததை மரத்திலிருந்து விலக்க வலப்பக்கம் தள்ளினார், அது நேரே மரத்துக்குள் போனது. முகத்தளவு உயரத்தில், ஐந்தாறு மீற்றர் தள்ளி, மூக்கை உங்கள் பக்கம் வைத்து ஒரு சதுரம் போடுங்கள். அது யோசிக்காமல் வருகிற வரைக்கும் உயரம் போக வேண்டாம். பிறகு எட்டுப் போடுங்கள். குழப்பம் வருகிற நேரத்துக்கு ஒரு வழி: ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் கையை எடுங்கள். ட்ரோன் பிரேக் போட்டு நிற்கும். நின்ற பிறகு ஆறுதலாக மூக்கை மறுபக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஸ்டிக்கை இன்னும் அழுத்துவதுதான் மனித சுபாவம், அதை அடக்குவதுதான் பயிற்சி.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றை என் மேசைக்கு வந்தவற்றை வைத்தே சொல்கிறேன். கிம்பலுக்கு (கமராவை ஆடாமல் தாங்குகிற பகுதி) மேல் போடும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் ஓன் பண்ணினால், கமரா தலையைத் திருப்பப் பார்த்து முடியாமல் மோட்டர் திணறும். ஆப் எச்சரிக்கும், உடனே நிறுத்தினால் தப்பலாம். அடுத்தது இறக்கை மாற்றியவர்களின் கேஸ். மினி வகை ட்ரோன்களில் இறக்கை இரண்டு விதம், ஒன்றில் சின்ன அடையாளக் கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. அடையாளம் உள்ளது ட்ரோனில் அடையாளம் உள்ள கைக்குத்தான் (மோட்டரைத் தாங்கும் தண்டு) போக வேண்டும். மாறிப் போட்டால் ட்ரோன் எழும்பாது, நின்ற இடத்திலேயே குப்புறக் கவிழ்ந்து மண்ணை வாரி இறைக்கும். பற்றரியை உள்ளே தள்ளும்போது 'கிளிக்' என்று கேட்டதா என்று காதால் கேளுங்கள், பிறகு நகத்தால் ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். அரைகுறையாகப் பூட்டிய பற்றரி வானத்தில் கழன்றால் அதற்குப் பிறகு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

கொங்கிறீற் மேல்மாடியிலிருந்து கிளப்பாதீர்கள். கொழும்பில் எல்லோருக்கும் வருகிற யோசனை இதுதான், பிளாட்டின் உச்சியில் இடம் இருக்கிறதே என்று. கொங்கிறீற்றுக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. பக்கத்தில் தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் கால், டிஷ் அன்டெனா, லிப்ட் மோட்டர் அறை. ட்ரோனின் திசைகாட்டி இவற்றுக்கு நடுவில் எது வடக்கு என்று தவறாக எடுத்துக்கொள்ளும். ஆப் 'திசைகாட்டியைச் சீர்செய்' என்று கேட்கும். சிலர் அங்கேயே நின்று ட்ரோனைச் சுற்றிச் சுழற்றிச் சீர்செய்வார்கள். அதுதான் இன்னும் மோசம், பிழையான வடக்கையே அது சரி என்று பதிந்துகொள்ளும். மேலே போனதும் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கத் தொடங்கும், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். சீர்செய்வதானால் புல் தரைக்குப் போய், சாவிக்கொத்து, கைக்கடிகாரம், கார் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நின்று செய்யுங்கள். காரின் பொனட் மேல் வைத்துக் கிளப்புவதும் இதே வகைப் பிழை.

எழும்பும் முன் பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜிபிஎஸ் போதிய செய்மதிகளைப் பிடித்ததும், வீட்டுப் புள்ளி, அதாவது திரும்பி வர வேண்டிய இடம், பதிவாகிவிட்டது என்று ஆப் குரலில் சொல்லும். அந்தக் குரல் கேட்காமல் கிளப்பினால், சிக்னல் அறுந்தால் எங்கே திரும்பி வருவது என்று ட்ரோனுக்குத் தெரியாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், வானம் ஒரு கீற்றாகத் தெரிகிற ஒழுங்கையில் நின்றால் அது எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்காது. அப்படியான இடத்தில் பறக்கவே வேண்டாம்.

வீட்டுக்குத் திரும்பும் உயரம் என்று ஒரு எண்ணை ஆப்பில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சிக்னல் போனால் ட்ரோன் முதலில் அந்த உயரத்துக்கு ஏறும், பிறகு நேர்கோட்டில் வரும். வழியில் அதைவிட உயரமாக ஏதாவது நின்றால், தடையைக் காண்கிற முன்பக்க உணரி இல்லாத மலிவான மொடல் நேரே போய் மோதும். தென்னங்காணியில் 40 மீற்றர் போதும், தொலைபேசிக் கோபுரம் இருக்கிற இடத்தில் போதாது. ஒவ்வொரு புது இடத்திலும், கிளப்பும் முன் சுற்றிவரத் திரும்பி, கண்ணுக்குத் தெரிகிற மிக உயரமானது எது என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அதற்காக உங்களுக்கு அனுமதித்த உயரத்துக்கு மேல் போட வேண்டி வந்தால், அது பறக்கிற இடமே இல்லை என்று அர்த்தம்.

இனிக் காற்று. இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், மேசைக்கு வராமலே போன ட்ரோன்கள் எல்லாம் காற்றில் போனவை.

எங்கள் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மே தொடக்கம் செப்டெம்பர் வரை கடலிலிருந்து தரைக்கு அடிக்கும். கடல் கொந்தளிக்கும், பார்க்கவே பயமாக இருக்கும், ஒருவரும் ட்ரோனை எடுக்க மாட்டார்கள். டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. அப்போது மேற்குக் கரைக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், வானம் நீலம், காலை வெளிச்சம் அள்ளிக்கொண்டு போகிற அழகு. எல்லோரும் ட்ரோனோடு கடற்கரைக்கு வருகிற காலம் இதுதான், ட்ரோன் தொலைகிற காலமும் இதுதான். காரணம், காற்று இப்போது முதுகுப் பக்கமிருந்து, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அதிகாலையில் தரைக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கரையில் நிற்கிற உங்களுக்கு மரங்களும் கட்டடங்களும் மறைப்பு, சட்டை கூட அசையாது. 60 மீற்றர் மேலே நிலைமை வேறு.

ஒஃபிஸ் தம்பி ஒருவர் பாணந்துறைப் பக்கம் ஒரு ஜனவரிக் காலையில் விட்டது இப்படித்தான். மீன்பிடி வள்ளம் ஒன்றைப் பின்தொடர்ந்து நேரே கடலுக்குள் ஓட்டினார். போகும்போது ட்ரோன் குதிரை வேகத்தில் போனது, பற்றரியும் குறையவில்லை, தம்பிக்குச் சந்தோஷம். திருப்பியதும் திரையில் தூரம் குறைய மறுத்தது. நான் கணக்குப் பார்க்கிறவன், கணக்காகவே சொல்கிறேன். இந்தச் சின்ன ட்ரோன்கள் சாதாரண மோடில் வினாடிக்குச் சுமார் 10 மீற்றர் போகும். எதிர்காற்று வினாடிக்கு 8 மீற்றர் என்றால் கையில் மிஞ்சுவது 2 மீற்றர்தான். 800 மீற்றர் வர 400 வினாடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம், அதுவும் முழு மூச்சோடு போராடிக்கொண்டு. ஸ்போர்ட் மோடில் 16 மீற்றர் வேகம், அதே காற்றில் மிஞ்சுவது 8. 100 வினாடியில் வந்து சேரலாம். தம்பி தானியங்கித் திரும்பலை அழுத்திவிட்டு அதையே நம்பி நின்றார். அது அதனுடைய வேகத்தில், அதனுடைய உயரத்தில், பலத்த காற்றுக்குள்ளேயே நின்று தத்தளித்தது. பற்றரி முடிந்ததும் ஒழுங்காக, மெதுவாக, கடலில் இறங்கியது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது: தானியங்கித் திரும்பலை நிறுத்துங்கள். ஸ்போர்ட் மோடுக்கு மாற்றுங்கள். உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று பலம் குறைவு. ஆனால் கடலுக்கு மேல் ஒரேயடியாக அலை உயரத்துக்கு இறங்க வேண்டாம். ட்ரோனின் வயிற்றிலுள்ள உணரி அசைகிற தண்ணீரைத் தரை என்று நம்பிக் குழம்பும். பத்துப் பதினைந்து மீற்றர் விட்டுக்கொண்டு, மூக்கை நேரே கரைக்கு வைத்து, கமராவை நிமிர்த்தி வாருங்கள். புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். காற்று பக்கவாட்டில் இருந்தால் கரையில் எந்த மணலும் நல்ல மணல்தான், இறக்கிவிட்டு ஓடிப்போய் எடுங்கள்.

இந்த நிலைமைக்கே வராமல் இருக்க ஒரு வழக்கம். எழும்பியதும் தலைக்கு மேலேயே 50, 60 மீற்றர் ஏற்றி, ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பாருங்கள். ட்ரோன் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. முதலில் அந்தப் பக்கம் போங்கள், எதிர்காற்றில் போய் முதுகுக்காற்றில் வீடு வாருங்கள். காற்று கடலுக்கு அடிக்கிற நாளில் கடலுக்கு மேல் போகவே வேண்டாம், கரையோரமாக நீளப் பறந்தால் போதும். படமும் அதிலேதான் நன்றாக வரும், அலைக்கோடு கிடைக்கும். சும்மா நீலத் தண்ணீரை எடுத்து யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை நல்லது, பின்னேரம் இடிமழை. கிழக்கே மேகம் கறுக்கத் தொடங்கினால் இறக்கிவிடுங்கள். இந்த ட்ரோன்களுக்கு ஒரு துளி மழையும் ஆகாது.

காற்றுக்கு அடுத்தது காகம். வேறு ஊர்க்காரர் எழுதுகிற குறிப்புகளில் இது கிடைக்காது, கொழும்பில் பழகுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். ஒரு காகம் முதலில் வந்து பக்கத்தில் பறந்து பார்க்கும். கரையும். இரண்டு நிமிடத்தில் பத்து வந்துவிடும். அநேகமாகக் காகம் மிரட்டும், சுற்றும், ஆனால் தொடாது. செம்பருந்து அப்படியல்ல, மேலேயிருந்து காலை நீட்டிக்கொண்டு வரும். பயத்தில் எல்லோரும் செய்வது ட்ரோனைக் கீழே இறக்குவது. இறங்குகிற வேகம் குறைவு, பறவை பாய்வதோ மேலிருந்து கீழே. ஆகவே நேரே மேலே ஏற்றுங்கள், ஸ்போர்ட் மோடில். பறவைக்கு நேர்குத்தாக ஏறுவது கஷ்டம், கொஞ்சத்தில் விட்டுவிடும். ஏறிய பிறகு தள்ளிப்போய், வேறு இடத்தில் இறக்குங்கள். கூடு இருக்கிற மரத்துக்குப் பக்கத்தில் நின்று கிளப்பினால் குற்றம் காகத்தினுடையது அல்ல. பேரை வாவிப் பக்கத்துக் கூழைக்கடாக்களையும் கிட்டப்போய்ப் படம் எடுக்க நினைக்காதீர்கள். அவ்வளவு பெரிய பறவை மோதினால் ட்ரோனுக்கும் முடிவு, பறவைக்கும் காயம்.

பட்டக்காலத்தில் நூல் ஒரு தனி ஆபத்து. பட்டம் தெரியும், நூல் திரையில் தெரியவே தெரியாது. நூல் மோட்டரில் சுற்றிய ஒன்றை ஒருமுறை கழற்றியிருக்கிறேன். ஊசியால் ஒவ்வொரு சுற்றாக எடுத்து முடிக்க இரவாகிவிட்டது. வானத்தில் பட்டம் கண்டால் அன்றைக்குப் பையைத் திறக்காதீர்கள்.

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டின் பல்கனிக்கும் அடுத்த பிளாட்டின் பல்கனிக்கும் நடுவில் ஒரு சேலை காயப்போடுகிற அகலம்தான். புது ட்ரோன் வந்த ஆர்வத்தில் மருமகன் கார் நிறுத்துகிற இடத்தில் தலையுயரத்துக்குக் கிளப்பிப் பார்த்தான். மூன்றாம் மாடியிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, என்ன அது? எங்கட வீட்டைப் படம் எடுக்கிறியோ?"

"இல்லை மாமி, சும்மா டெஸ்ட் பண்ணுறன்."

"சும்மா எண்டால் உன்ர வீட்டு ஹோலுக்குள்ள பண்ணு!"

மாமி சொன்னது முழுக்க நியாயம். நான் அவனைக் கூட்டிக்கொண்டு மேலே போய், கமராவில் இருந்ததை மாமிக்குக் காட்டி, அவர் முன்னாலேயே அழிக்க வைத்தேன். அதற்குப் பிறகு மாமியே தன் பேரனின் ட்ரோனைத் திருத்த என்னிடம் அனுப்பினார், அது வேறு கதை. வெளியிடங்களிலும் இதுதான் வழி: பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலே போய்ச் சொல்லுங்கள், திரையைக் காட்டுங்கள். பொலிஸ் வந்து கேட்டால் ட்ரோனை முதலில் இறக்குங்கள், பிறகு கடிதத்தைக் காட்டிக் கதையுங்கள். பறந்துகொண்டிருக்கும்போதே வாக்குவாதம் பண்ணினால் இரண்டும் கெடும்.

கொழும்பில் ஆடிவேல் திருவிழா வருகிற நேரத்தில் தேரை மேலிருந்து எடுத்துத் தரச் சொல்லி யாராவது கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். நாலு மோட்டரில் ஒன்று நின்றாலே இந்த வகை ட்ரோன் கல் மாதிரி விழும், கீழே குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற சனம். ஒரு நண்பரின் மேல்மாடி ஜன்னலில் சாதாரணக் கமராவோடு நின்றாலே நல்ல படம் கிடைக்கும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரோன் மேலே நிற்கும்போது அம்மாவின் வாட்ஸ்அப் வீடியோ கோல் வரும், எப்போதும் அந்த நேரத்தில்தான் வரும். திரை மறைந்துவிடும். கிளப்பும் முன் அழைப்புகளைத் தடுத்து வையுங்கள். வெயிலில் போன் சூடேறித் திரை மங்கும், சிலது நின்றேவிடும். அப்படி நின்றாலும் ரிமோட்டின் ஸ்டிக்குகள் வேலை செய்யும், பதறாமல் கண்ணால் பார்த்து இறக்கலாம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருந்தால்தான் அது முடியும், விதி அப்படிச் சொல்வதும் சும்மா அல்ல. ரிமோட்டின் அன்டெனாவைப் பற்றியும் பலருக்குத் தெரியாது. அன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டக் கூடாது, அகலப் பக்கம்தான் ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

பற்றரியில் சொல்ல அதிகம் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் 30 சொச்ச நிமிடம் காற்றில்லாத இடத்தில் அளந்தது, இருபதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 வீதத்தில் திரும்பத் தொடங்குங்கள், கடற்கரையில் இன்னும் முன்னதாக. முழுச் சார்ஜோடு நாட்கணக்கில் அலுமாரியில் வைக்காதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். வயிறு ஊதிய பற்றரியை 'இன்னும் ஒருதரம்' என்று பாவிக்க வேண்டாம், குப்பைவாளிக்குள்ளும் எறிய வேண்டாம், குத்தினால் தீப்பிடிக்கும்.

மணலில் நேரே கிளப்பினால் இறக்கை மணலைக் கிளப்பி மோட்டருக்குள்ளும் கிம்பலுக்குள்ளும் அனுப்பும். காரின் கால்மிதி றப்பர் விரிப்பு ஒன்றைப் போடுங்கள், பாரம் இருப்பதால் பறக்காது. கடற்கரையிலிருந்து வந்த அன்றே ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து உடம்பைத் துடையுங்கள், உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் வேலையைக் காட்டும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைப்பது கொழும்பு ஈரப்பதத்துக்கு அவசியம்.

படம் எடுப்பதற்கு இரண்டே குறிப்பு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் தெருவிளக்கும் கடை விளக்கும் வீடியோவில் துடிக்காது. பகலில் அந்த ஷட்டர் வைக்க, வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வேண்டும். மற்றது மெமரி கார்ட். புறக்கோட்டை நடைபாதையில் பிரபலப் பெயர் போட்டு மலிவாகக் கிடைப்பதை நம்பாதீர்கள், 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. வாங்கிய அன்றே கணினியில் முழுதாக நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் விழும். மரத்தில் மாட்டினால் முதல் வேலை மோட்டரை நிறுத்துவது. இடது ஸ்டிக்கைக் கீழே இழுத்துப் பிடியுங்கள், அல்லது இரண்டு ஸ்டிக்கையும் கீழும் உள்ளுமாகச் சாயுங்கள். சுற்ற முடியாமல் சுற்றுகிற மோட்டர் எரிந்துவிடும். ஆப்பில் கடைசியாக நின்ற இடம் வரைபடத்தில் இருக்கும், அதை உடனே படமாக எடுத்து வையுங்கள். ட்ரோனைத் தேடும் பொத்தானை அழுத்தினால் அது பீப் அடிக்கும், பற்றரி இருக்கும் வரைதான். தென்னையில் என்றால் கல்லெறிய வேண்டாம், மரமேறுகிறவரைக் கூப்பிடுங்கள். ஒரு துணியில் கட்டிக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். நல்லாய் இருந்த ட்ரோன் மரத்திலிருந்து தட்டிவிட்டதில்தான் உடைந்தது என்பது என் மேசையில் அடிக்கடி நடக்கிற விசாரணை.

கைக்கு வந்ததும் பறக்க வைத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மோட்டரையும் விரலால் சுற்றிப் பாருங்கள், 'கரகர' என்றால் மணல். இறக்கையை விளக்குக்கு நேரே பிடித்து அடிப்பகுதியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள், அந்தக் கையிலுள்ள இரண்டு இறக்கையையும் சேர்த்து. கமரா சரிந்து தொங்கினால் அநேகமாக கிம்பலின் மெல்லிய ரிப்பன் வயர் கிழிந்திருக்கும், அதைப் பழகாதவர் வீட்டில் மாற்றப் பார்க்க வேண்டாம். கடலில் விழுந்து எடுத்தது என்றால் உடனே பற்றரியைக் கழற்றுங்கள், நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் அரிசிதான் கெடும். உப்புத் தண்ணீர் குடித்த ட்ரோன் எழும்பிப் பறந்தாலும் நான் அதை நம்ப மாட்டேன், இறக்கைக்கும் ஸ்க்ரூவுக்கும் உதவும் என்று வைத்துக்கொள்வேன்.

புதிது வாங்க வசதியில்லாமல் பழையது தேடுகிறவர்கள் பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல் மூன்று விஷயம் பாருங்கள். விற்கிறவர் உங்கள் முன்னாலேயே தன் கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் போனில் அது உங்களுடையதாகப் பதிவாகாது. ஆப்பில் ஒவ்வொரு பற்றரியும் எத்தனை சார்ஜ் சுற்றுப் போயிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, விற்கிறவரின் ஆப்பில் அதன் பறப்புப் பதிவைத் திறந்து, முடிவு எந்த இடத்தில் என்று வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கடலுக்குள் போய் நின்றிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழும்பி வாருங்கள்.